ஹால் சுவருக்கு நிறம் எங்கிருந்து எடுப்பது: பின்ட்ரெஸ்ட்டா, பட்டுப்புடவையா?

மதுரைக்காரி

புது ஃபிளாட் சாவி அடுத்த மாதம் கைக்கு வருகிறது. மதுரை, இரண்டாவது மாடி. ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. தரை பில்டர் போட்டுக் கொடுத்த ஐவரி விட்ரிஃபைட் டைல்ஸ். அதை மாற்றுகிற எண்ணமும் இல்லை, காசும் இல்லை. அப்பா வீட்டுத் தேக்கு ஊஞ்சல் ஹாலுக்கு வருகிறது.

பின்ட்ரெஸ்ட்டில் ஸ்வீடன், டென்மார்க் வீடுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், வெளிர் சாம்பல் சோபா, மூலையில் ஒரு செடி. என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "இது வீடா, பல் டாக்டர் கிளினிக்கா?" என்கிறாள். காரைக்குடிப் பக்கம் போய் நாலு பழைய வீட்டைப் பார், அப்புறம் முடிவு செய் என்பது அவள் கட்சி. நீங்களெல்லாம் நிறத்துக்கும் டிசைனுக்கும் யோசனை எங்கே எடுத்தீர்கள்? "உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிடித்தது எது என்பதில்தான் குழப்பமே.

பட்டுநூல்

தங்கை கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்ஹோம் 59 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் மாதம் பகல் ஆறு மணி நேரம் இருந்தால் பெரிது. வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அறை முழுக்கத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு வெள்ளைச் சுவர் வேண்டியிருக்கிறது. மதுரை 10 டிகிரியில் இருக்கிறது. நமக்கு வெளிச்சத்துக்கா பஞ்சம்? அதிலும் மேற்கு ஜன்னல். சாயங்காலம் நாலு மணிக்கு எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது, கண் கூசும்.

போன் கேலரியை மூடிவிட்டு அலமாரியைத் திறங்கள். அரக்கு உடலுக்கு இலைப்பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூ, சந்தனத்துக்குக் குங்குமச் சிவப்பு. காஞ்சிபுரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கண் பார்த்துத் தேறிய ஜோடிகள் இவை. எந்த நிறம் எவ்வளவு என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது: உடல் பெரிது, கரை அளவாக, ஜரிகை கொஞ்சம். இன்டீரியர் ஆட்கள் 60-30-10 என்று ஒரு விதி சொல்வார்களே, நம் வீட்டுப் பெண்கள் அதைத்தான் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

வெண்சுவர்

காரைக்குடிக்குக் கண்டிப்பாகப் போங்கள். ஆனால் போன இடத்தில் சுவரைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்து இழைத்த பூச்சு. கையை வைத்தால் பளிங்குபோல் வழவழ என்றிருக்கும். நிறம்? வெள்ளை! செட்டிநாட்டு வீட்டில் வண்ணம் இருப்பது தரையில், உத்தரத்தில், ஜன்னலுக்கு மேல் வைத்த கலர்க் கண்ணாடியில். பெரிய பரப்புகளை அவர்கள் சும்மா விட்டுவைத்தார்கள். "நம் மரபு" என்று சொல்லி ஹாலில் நாலு சுவருக்கும் அரக்கும் மஞ்சளும் அடிப்பது அந்த மரபிலேயே கிடையாது. ரெஸ்டாரன்ட்காரர்கள் கண்டுபிடித்தது அது.

அந்த வீடுகள் மட்டும் எங்கிருந்து வந்தன? பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. கப்பலேறிப் போன இடத்திலெல்லாம் கண்ணில் பட்டதைப் பிடித்துப்போய்க் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆத்தங்குடிக் கல்லில் பாதி டிசைன் ஐரோப்பியத் தரை ஓடுகளின் சாயல்தான். மதுரைக்காரி அதையே உட்கார்ந்த இடத்தில் போனில் செய்கிறார். அவரை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

வாடகைவாசி

ஆணி அடிக்கக்கூட ஓனரிடம் அனுமதி கேட்கிறவன் நான். நிறத்துக்குச் சண்டை போட உங்களுக்கெல்லாம் ஒரு சுவர் இருக்கிறதே என்று பொறாமையுடன் படித்துக்கொண்டிருக்கிறேன். தொடரட்டும்.

பட்டுநூல்

@வெண்சுவர், பொருளைக் கொண்டுவந்தார்கள், சரி. வாழ்க்கையைக் கொண்டுவந்தார்களா? பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தாலும் அது போய் உட்கார்ந்தது முற்றத்தைச் சுற்றி. ஐரோப்பியச் சாயல் என்கிற அந்தத் தரையை ஊர் மணல், சிமென்ட், ஆக்சைடு பொடி வைத்து ஆத்தங்குடியிலேயே வார்த்தார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சாயக் கலவையை ஊற்றி, பின்னால் சிமென்ட் நிரப்பி, தண்ணீரில் போட்டு ஊறவைத்து எடுப்பது. சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. இதற்குப் பெயர் எடுத்துச் செரிப்பது. பின்ட்ரெஸ்ட் படத்தை அப்படியே சுவரில் ஒட்டுவது வேறு.

வெள்ளைச் சுவர் விஷயத்துக்கும் வருகிறேன். அந்தச் சுவருக்கு வெளிச்சம் கொடுத்தது முற்றம். மேலிருந்து இறங்கும் வெயில் தரையில் பட்டு, தரையின் நிறத்தோடு சுவருக்கு ஏறும். ஃபிளாட்டில் முற்றம் எங்கே? ஆறு மணிக்கு மேல் நீலம் ஓடுகிற 6500 கெல்வின் டியூப் லைட். அந்த ஒளியில் வெள்ளைச் சுவரைப் பாருங்கள், தங்கை கிளினிக் என்று சொன்னது ஏன் என்று புரியும்.

கட்டடக்கிறுக்கன்

இரண்டு பேரும் சுவரையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். கொஞ்சம் வெளியே போய்ப் பார்ப்போம். நிறம் என்றால் கட்டடக்கலைப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் காட்டும் பெயர் லூயிஸ் பரகான். மெக்சிகோ நகரத்தில் 1948-ல் அவர் கட்டிக்கொண்ட வீடு, 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. படங்களில் பளீர் இளஞ்சிவப்பு மட்டும்தான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் வீட்டின் பெரிய அறையும் நூலகமும் பெரும்பாலும் வெள்ளைச் சுவரும் மரமும்தான். நுழைவுக் கூடத்தில் இளஞ்சிவப்பு வருகிறது, அதுவும் ஆள் கடந்து போகிற இடம், உட்கார்ந்து புத்தகம் படிக்கிற இடமல்ல.

இதில் எனக்குப் பிடித்தது, நிறத்தை எங்கே வைக்கவில்லை என்பதுதான். யோசனை தேடுகிறவர்கள் ஒரு படத்தைச் சேமிக்கும்போது "இது என்ன நிறம்" என்று மட்டும் கேட்கிறார்கள். எந்தத் திசை ஜன்னல், எவ்வளவு பரப்பு, பக்கத்தில் என்ன இருக்கிறது, அந்த அறையில் மனிதர் எவ்வளவு நேரம் இருப்பார் என்று கேட்பதில்லை. படம் இதையெல்லாம் சொல்லாது. நேரில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆகவே காரைக்குடிப் பயணத்துக்கு என் ஓட்டு, ஆனால் பட்டுநூல் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

கொழும்பிலிருந்து

கட்டடக்கிறுக்கன் மெக்சிகோ வரைக்கும் போக வேண்டியதில்லை. இங்கே பகதல வீதிக்குப் பக்கத்திலே 33ஆம் ஒழுங்கையில எங்கட கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின்ர வீடு இருக்கு, பார்க்க விடுவினம். நாலு சின்ன வீடுகளை வருசக்கணக்காக ஒண்டோட ஒண்டு இணைச்சுக் கட்டினது. உள்ளே முழுக்க வெள்ளை. செட்டிநாட்டிலயிருந்து வந்த தூண்கூட அங்கே நிற்குது. வெள்ளைக்கு முன்னால நிற்கிறபடியால்தான் அந்தத் தூணைக் கண் பிடிக்குது. பத்திக், சிலை, பழைய கதவு, எல்லாம் அப்படித்தான். இதுவும் வெயில் நாடுதானே, பட்டுநூல்?

உங்கட ஊஞ்சலையும் அப்படி யோசிச்சுப் பாருங்கோ, மதுரைக்காரி அக்கா.

பட்டுநூல்

பாவா வீட்டிலும் வெளிச்சம் வருவது சின்னச் சின்ன முற்றங்கள் வழியாக, தம்பி. நான் சொன்னதற்குத்தான் நீங்கள் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

வாஸ்து_நேயன்

மேற்குப் பார்த்த ஹாலுக்கு நீலம், வெள்ளை உத்தமம். தென்கிழக்கு மூலையில்

வாடகைவாசி

வேண்டாம் சார். இந்த இழை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பெயின்ட்கடைத் தம்பி

அக்கா, நான் கடையில் கலர் மெஷினில் நிற்கிறவன். தினமும் யாராவது ஒருவர் போன் படத்தைக் காட்டி "இதே கலர் கொடு" என்பார். போன் திரை தானே ஒளி விடுகிறது, சுவர் அப்படி இல்லை. அதுவும் அந்தப் படத்தைப் போட்டவர் ஃபில்டர் போட்டிருப்பார். இரண்டும் ஒன்றாக வரவே வராது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். யாரும் உங்கள் தரையைப் பற்றிப் பேசவில்லை. ஐவரி டைல்ஸில் உள்ளுக்குள் மஞ்சள் ஓடும். அதற்கு மேல் நீலம் கலந்த சாம்பல் அடித்தால் தரை பழுப்பேறின மாதிரி தெரியும். எத்தனை தடவை துடைத்தாலும் அழுக்கு போகாத மாதிரி. பின்ட்ரெஸ்ட் வீட்டில் சாம்பல் எடுபடுவதற்குக் கீழே வெளிர் மரத்தரை ஒரு காரணம். உங்களிடம் மாற்ற முடியாதது இரண்டு, டைல்ஸும் ஊஞ்சலும். அந்த இரண்டிலிருந்து ஆரம்பியுங்கள். புடவையும் வேண்டாம், ஸ்வீடனும் வேண்டாம்.

கலர் அட்டையில் ரெண்டு விரல் அகலம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாலு சுவரிலும் ஏறினால் நிறம் அட்டையைவிடக் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் விழும். சின்ன டப்பாவில் சாம்பிள் வாங்கி, பெரிய பிளைவுட் துண்டில் ரெண்டு கோட் அடித்து, தரையைத் தொடுகிற மாதிரி சாய்த்து வையுங்கள். காலையில், சாயங்கால வெயிலில், ராத்திரி லைட்டில் பாருங்கள். சுவரிலேயே தடவிப் பார்க்காதீர்கள், பில்டர் அடித்த பழைய நிறம் சுற்றிலும் இருந்தால் கண் ஏமாறும்.

கட்டடக்கிறுக்கன்

தம்பி கடையில் கண்டதை 200 வருடத்துக்கு முன்னால் ஒரு வேதியியலாளர் நெசவாலையில் கண்டார். பாரிஸில் கோப்லான் என்ற அரசுத் திரைச்சீலை ஆலை, 1824-ல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராகப் போனவர் செவ்ரல். கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கலாக இருக்கிறது என்று புகார். சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நூலின் நிறம்தான் கறுப்பை மங்க வைத்திருக்கிறது. ஐவரி டைல்ஸ் கதையும் இதேதான்.

பட்டுநூல் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன். தறிக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெண்சுவர்

சந்தோஷப்படட்டும். ஆனால் புடவையிலிருந்து சுவருக்குப் போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், ஆள் அசையும்போது மாறி மாறித் தெரியும். பட்டின் மினுமினுப்பும் சேர்ந்துதான் அது அழகு. அதே நிறத்தை மினுப்பில்லாத மேட் எமல்ஷனில் அடித்தால் செத்த நீலம் ஒன்று கிடைக்கும். புடவையை அரை நாள் கட்டுகிறோம், அவிழ்த்து மடித்து வைக்கிறோம். சுவரை மடித்து வைக்க முடியாது.

இன்னொன்று. "ஆண்டின் நிறம்" என்று பான்டோன் என்கிற நிறக் கம்பெனி 2023-ல் மஜந்தா சொன்னது, 2025-ல் மோக்கா பழுப்பு சொன்னது. அதைப் பார்த்துச் சுவர் அடித்தவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஏணி எடுக்க வேண்டும். குஷன் உறையிலும் திரைச்சீலையிலும் எந்த ஆட்டம் வேண்டுமானாலும் ஆடுங்கள். அங்கே பட்டும் வரட்டும், மறுக்கவில்லை. சுவர் அமைதியாக இருக்கட்டும்.

பட்டுநூல்

மயில் கழுத்து விஷயம் ஒத்துக்கொள்கிறேன், அது பெயின்டில் வராது. ஆனால் அரக்கு வரும், சந்தனம் வரும், வெங்காயத்தோல் நிறம் அருமையாக வரும். பட்டைப் பார்த்து அப்படியே பூசுங்கள் என்று நான் சொல்லவில்லை. அளவைப் பாருங்கள் என்றேன். கரை எங்கே வருகிறது? ஓரத்தில். வீட்டில் ஓரம் எது? கதவு நிலை, ஜன்னல் சட்டம், பூஜை மாடத்தின் உட்பக்கம், சுவர் அலமாரியின் முதுகு.

"அமைதி" என்ற பெயரில் ஊரெல்லாம் ஒரே வீடாகிக்கொண்டிருக்கிறது, அதுதான் என் கோபம். சென்னையில் ஒரு ஃபிளாட், துபாயில் ஒரு ஃபிளாட், படத்தை மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. பெயின்ட் கம்பெனிக்குப் பெய்ஜ் விற்பது சுலபம், வீட்டை மறுபடி விற்கும்போது வாங்குகிறவர் முகம் சுளிக்க மாட்டார் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. நாம் வாழப்போவது வீட்டிலா, விளம்பரப் படத்திலா?

வெண்சுவர்

விளம்பரப் படம் என்று நீங்கள் கேலி செய்யும் வீட்டில்தான் என் அம்மா கண்ணாடி இல்லாமல் ஸ்விட்ச் எங்கே என்று கண்டுபிடிக்கிறார். வெளிர் சுவருக்கு அந்தப் பயனும் உண்டு.

மதுரைக்காரி

எல்லோருக்கும் நன்றி. படித்துக்கொண்டே பில்டரிடம் கேட்டு ஃபிளாட்டில் ஒரு சாயங்காலம் இருந்து பார்த்தேன். பட்டுநூல் சொன்னது சரி, நாலரைக்கு எதிர்ச்சுவரைப் பார்க்க முடியவில்லை. தம்பி சொன்னதும் சரி, தரை மஞ்சள்தான்.

இப்போதைக்கு யோசனை இது. மேற்கு வெயில் படுகிற அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெங்காயத்தோல் நிறத்தில் மங்கலான ஒன்று, மேட். மற்ற மூன்றும் மஞ்சள் கலந்த வெளிர் வெள்ளை. பூஜை மாடத்துக்குள் அரக்கு. சாம்பல் சோபாவை விட்டுவிட்டேன். தங்கை பால்கனிக்கு ஆத்தங்குடிக் கல் கேட்கிறாள், அது தாங்குமா?

பட்டுநூல்

தாங்கும். ஆனால் இருக்கிற டைல்ஸ் மேலேயே போடச் சொன்னால் போடாதீர்கள். கல்லே முக்கால் அங்குலத்துக்குப் பக்கம், அடியில் கலவை வேறு, பால்கனிக் கதவு இடிக்கும். தண்ணீர் ஓட்டமும் பார்க்க வேண்டும். ஆசிட் கலந்த கிளீனர் அதில் படவே கூடாது, சிமென்ட் மேற்பரப்பு அரித்துப்போகும். வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வெண்சுவர்

ஒரு சுவருக்கு மட்டும் தனி நிறம் என்பது பழைய ஃபேஷன், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெயிலுக்காக என்றால் ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டுங்கள். கூசலும் போகும், சூடும் குறையும், நாலு சுவரும் ஒன்றாக இருக்கும்.

பட்டுநூல்

இரண்டாவது மாடியில் தட்டி கட்ட அசோசியேஷன் விடுமா?

மதுரைக்காரி

விடாது. கேட்டுவிட்டேன்.

பெயின்ட்கடைத் தம்பி

அக்கா, பெயின்ட் வாங்கும் முன்னால் பல்பை மாற்றிவிட்டு அந்தப் பிளைவுட்டைப் பாருங்கள். ஹாலுக்கு மஞ்சள் ஓடுகிற 3000 கெல்வின், படிக்கிற மேஜைக்கும் சமையலறைக்கும் 4000. பெட்டியில் சிஆர்ஐ 90 (நிறத்தை உள்ளபடி காட்டுகிற அளவு) என்று போட்டிருந்தால் அதை எடுங்கள், அரக்கு அரக்காகத் தெரியும். 6500 லைட்டில் வெங்காயத்தோல் நிறம் வெளுத்துப்போய்ச் சிமென்ட் மாதிரி நிற்கும், அப்புறம் கடைக்கு வந்து கலர் தப்பாகக் கலந்துவிட்டேன் என்று என்னைத்தான் கேட்பார்கள்.