உதவி தேவை: குரூப் 2 குறிப்புகள் மலையாகச் சேர்ந்துவிட்டன, தேடினால் எதுவும் கிடைப்பதில்லை

கோவில்பட்டி_தேர்வர்

வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 4 தேர்வுகள் இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். கையில் இருப்பவை: லாங் சைஸ் நோட்டு 35, ஜெராக்ஸ் கட்டுகளும் மாதிரித் தேர்வுத் தாள்களும் சேர்ந்து 3,000 தாள் வரும், போனில் டெலிகிராமிலிருந்து இறக்கிய பிடிஎஃப் 40 ஜிபி. ஆளுநரின் அதிகாரம் பற்றி மூன்று இடத்தில் எழுதியிருப்பது தெரியும். எந்த நோட்டு என்றுதான் தெரியவில்லை. வாடகை அறை வேறு, மழைக்காலத்தில் ஒரு சுவர் முழுக்க ஓதம். பேசாமல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுத் தாளை எடைக்குப் போட்டுவிடலாமா?

அலமாரி_அக்கா

வேண்டாம் தம்பி. 3,000 தாளில் இரு பக்கமும் எழுத்து இருந்தால் 6,000 பக்கம். பக்கத்துக்கு 15 நொடி என்று வைத்தாலும் 25 மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முடிந்தபின் கையில் இருப்பது அதே குப்பை, இடம் மட்டும் போனுக்கு மாறியிருக்கும். தமிழ்க் கையெழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் கருவிகள் இன்னும் நம்பும் அளவுக்கு இல்லை. அதனால் தேடும் சிக்கல் அப்படியேதான் நிற்கும். உங்களிடம் இல்லாதது ஒரு பொருளடக்கம். அதை முதலில் செய்யுங்கள்.

நோட்டுகளைப் பாடவாரியாக அடுக்கவே வேண்டாம். இருக்கிற வரிசையிலேயே 1 முதல் 35 வரை எண் போடுங்கள். அட்டையிலும் முதுகுப் பக்கத்திலும் பெர்மனன்ட் மார்க்கரால் நேரடியாக எழுதுங்கள். ஸ்டிக்கர் வெயிலில் உதிர்ந்துவிடும். உள்ளே வலப்பக்கங்களுக்கு மட்டும் பக்க எண் போதும். பிறகு ஒரே ஒரு 200 பக்க நோட்டை எடுத்து, பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 'ஆளுநர்' என்ற வரியில் 7/43, 12/9, 28/61 என்று எழுதினால் வேலை முடிந்தது. சாய்கோட்டுக்கு முன்னால் நோட்டு எண், பின்னால் பக்கம். இடப்பக்கம் என்றால் 43-க்குப் பின் 'இ' சேர்த்துக்கொள்ளலாம்.

அலகு எண்ணை மட்டும் தலைப்பாக வைக்காதீர்கள். 2019 பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் 8ஆம் அலகு, வளர்ச்சி நிர்வாகம் 9ஆம் அலகு. அதற்குப் பிந்தைய திருத்தத்தில் அந்த வரிசை கலைந்துவிட்டது. 'அலகு 8' என்று ஃபைலில் எழுதியவர்கள் இன்றைக்கு அதை மனத்துக்குள் மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். பொருளின் பெயரையே எழுதுங்கள்.

பைண்டிங்_மேசை

அக்கா சொன்னதோடு ஒன்று. நடுவில் பின் அடித்த நோட்டிலிருந்து பக்கம் கிழித்துப் பாடவாரியாகச் சேர்க்க நினைக்காதீர்கள். ஒரு தாளை உருவினால் அதன் மறுபாதி, நோட்டின் இன்னொரு மூலையில், பிடிப்பில்லாமல் தொங்கும். இரண்டு மாதத்தில் அது காணாமல் போகும். தையல் நோட்டும் இப்படித்தான்.

தனித்தாள்களுக்கு பாக்ஸ் ஃபைல் வாங்குங்கள், 75 மி.மீ. முதுகு உள்ளது. புதுத் தாள் 500 கொள்ளும் என்பார்கள். கைபட்ட, மடிந்த தாள் 350-க்கு மேல் வைத்தால் நெம்புகோல் சரியாகப் பூட்டாது, வளைவில் தாள் கிழியும். அந்தக் கணக்கில் 3,000 தாளுக்கு ஒன்பது ஃபைல். அதற்கெல்லாம் அறையில் இடம் ஏது? முதலில் கழியுங்கள், பிறகு வாங்குங்கள். இரட்டைத் துளை பஞ்சில் துளைகளுக்கு இடையே 80 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸ் ஃபைலின் கம்பிகள் அந்த அளவுக்குத்தான். பஞ்சின் ஓரத்தில் இழுக்கும் அளவுகோலை ஏ4-க்கு நிறுத்திவிட்டுக் குத்தினால் எல்லாத் தாளும் ஒரே நேர்கோட்டில் வரும். கண்மதிப்பில் குத்தினால் கட்டு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும்.

ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். வெயில் காலத்தில் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். டேக் (முனையில் உலோகம் உள்ள நூல்) போட்டுக் கட்டுங்கள்.

கோவில்பட்டி_தேர்வர்

நன்றி அக்கா, நன்றி அண்ணா. எதைக் கழிப்பது என்பதில்தான் கை வரமாட்டேன் என்கிறது. எல்லாமே தேவை என்றுதான் தோன்றுகிறது.

அலமாரி_அக்கா

தோன்றும். அதனால் தாளைப் பார்த்து முடிவெடுக்காமல், அதில் உள்ள தகவல் காலாவதியா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று இருந்தால் அந்தத் தாள் 2019-க்கு முந்தையது. அந்த ஆண்டு ஐந்து மாவட்டங்கள் கூடின, 2020-இல் மயிலாடுதுறை 38ஆவதாக வந்தது. மத்தியத் திட்டக்குழு இன்னும் இயங்குவதாக எழுதியிருந்தால் 2015-க்கு முந்தையது, அதன் இடத்துக்கு நிதி ஆயோக் வந்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டம் நடப்பில் உள்ளதாக இருந்தால் அதுவும் பழையது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. ஒரு ஜெராக்ஸ் கட்டில் இப்படி இரண்டு பிழை கண்ணில் பட்டால் கட்டையே தூக்கிப் போடுங்கள், திருத்திக்கொண்டு உட்காராதீர்கள்.

நடப்பு நிகழ்வுகளை மாதவாரியாகத் தனி ஃபைலில் வையுங்கள். பதினெட்டு மாதம் தாண்டியதில் விருது, விளையாட்டு, நியமனம் போகட்டும். சட்டம், திட்டம், தீர்ப்பு ஆகியவற்றை மட்டும் அந்தந்தப் பாட நோட்டில் ஒரு வரியாக ஏற்றிவிட்டு மீதியைக் கழிக்கலாம். மாதிரித் தேர்வுத் தாளில் தவறாகப் போட்ட கேள்விகளை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். சரியாகப் போட்டதை மறுபடி யாரும் பார்ப்பதில்லை.

பள்ளிப் புத்தகக் குறிப்புகளில் 'பழைய சமச்சீர்' அல்லது 'புதியது' என்று மேலே எழுதிவிடுங்கள். 2018-19 முதல் வந்த புத்தகங்களில் வகுப்பும் பாட எண்ணும் பழையதைப் போலவே இருந்தாலும் உள்ளே இருக்கும் பாடம் வேறு. '10ஆம் வகுப்பு, பாடம் 3' என்று மட்டும் எழுதிய குறிப்பை இரண்டு வருடம் கழித்து எந்தப் புத்தகத்தோடும் ஒப்பிட முடியாது.

கோவில்பட்டி_தேர்வர்

புரிகிறது. அடுத்தது பிடிஎஃப். பாதிக் கோப்புகளில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் 'இல்லை' என்கிறது, கண்ணுக்கு நேரே இருக்கிறது! நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

எழுத்துரு_எந்திரன்

கெடவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். திரையில் தமிழ், உள்ளே ஆங்கிலம். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் ஒட்டி யூனிகோடாக (எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடு) மாற்றலாம். கோப்பின் விவரப் பகுதியில் எழுத்துருப் பெயர் இருக்கும், கணினியில் திறந்து பாருங்கள்.

வேறு சில கோப்புகள் யூனிகோடில் தட்டச்சானவையே, ஆனால் பிடிஎஃப் ஆக்கும்போது வடிவத்துக்கும் எழுத்துக்குமான இணைப்பு அறுந்திருக்கும். இவற்றில் நகலெடுத்தால் கொம்பு இடம் மாறும், சில எழுத்துகள் விழுந்துவிடும். இவற்றுக்குக் கன்வெர்ட்டர் உதவாது. படமாகக் கருதி மறுபடி வாசிக்க வைக்க வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அச்சுத் தமிழை நன்றாகவே வாசிக்கும். ஒரு துண்டு 2 எம்பிக்குள் இருக்கட்டும். 300 பக்கக் கோப்பை அப்படியே கொடுத்தால் முதல் சில பக்கங்களோடு நின்றுவிடும். பத்துப் பத்துப் பக்கமாக வெட்டுங்கள். அட்டவணை, இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் எல்லாம் குழம்பும். உங்களுக்குத் தேவை தேடல்தான், அழகு இல்லை. அந்த உரையை அசல் கோப்பின் பெயரிலேயே பக்கத்தில் சேமியுங்கள்.

ஒரு நுட்பமான இடறல்: 'கொ' என்பதன் ஒகரத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் அடிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, சில செயலிகளின் தேடல் இரண்டையும் வேறு வேறாக எண்ணும். 'கொள்கை' கிடைக்காவிட்டால் 'ள்கை' என்று தேடிப் பாருங்கள்.

40 ஜிபி என்பதைக் கேட்டுப் பதற வேண்டாம். டெலிகிராமில் ஒரே கோப்பு ஐந்து குழுவில் ஐந்து பெயரில் வரும். கோப்பு மேலாளரில் அளவு வாரியாக அடுக்கினால் இரட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மீதிக்குப் பெயர் வைக்கும் முறை: பாடம், உட்தலைப்பு, ஆண்டு-மாதம். ஆண்டை முன்னால் போட்டு 2025-03 என்று எழுதினால்தான் வரிசை கெடாது. 03-2025 என்றால் எல்லா ஆண்டின் மார்ச்சும் ஒன்றாகக் குவியும்.

பைண்டிங்_மேசை

ஸ்கேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொருளடக்கம் முடிந்து, கழித்தபின் மிஞ்சும் சொந்தக் குறிப்புகளை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள், பாதுகாப்புப் பிரதிக்காக. ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 2480 × 3508 புள்ளி. 12 மெகாபிக்சல் கேமரா தாராளம். கறுப்பு வெள்ளை வடிகட்டியைப் போடாதீர்கள்: பென்சில் மறையும், பச்சை ஹைலைட்டர் கரும்பட்டையாகி எழுத்தையே மூடும். சாம்பல் நிறமோ வண்ணமோ வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு 500 கேபி என்றால் 1,000 பக்கம் அரை ஜிபிதான். கூகுளின் இலவச 15 ஜிபியில் அடங்கும். மெயிலும் போட்டோவும் அதே 15-ஐத்தான் தின்னும் என்பது நினைவிருக்கட்டும். ஒரு பிரதி பென் டிரைவில் ஊர் வீட்டில் இருக்கட்டும்.

அலமாரி_அக்கா

ஓதச் சுவர் விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து செங்கல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். ஃபைல்களை நெருக்கி அடைக்காதீர்கள். பாலிதீன் உறையில் போட்டு இறுக்கிக் கட்டுவது பெரிய தவறு, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். நனைந்துவிட்டால் ஒட்டிய தாளைப் பிய்க்காமல், நடு நடுவே பழைய செய்தித்தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். வெயில் வேண்டாம், மை வெளுக்கும். ஜெல் மை பலவும் நீர் பட்டால் கலங்கும் என்பதால் முக்கியமான குறிப்புகளைப் பால் பாயின்ட்டில் எழுதுவது நல்லது. வெள்ளிப்பூச்சிக்குப் பாச்சை உருண்டை போடுவார்கள். நீங்கள் தூங்குவதும் அதே அறை என்றால் போடாதீர்கள், காய்ந்த வேப்பிலை வைத்து மாதம் ஒருமுறை நோட்டுகளைப் புரட்டிவிடுங்கள்.

கோவில்பட்டி_தேர்வர்

பொருளடக்கத்தை நோட்டில் எழுதுவதா, எக்செல்லிலா?

எழுத்துரு_எந்திரன்

எக்செல்லில் தேடலாம், வரிசைப்படுத்தலாம். ஆனால் 'அரசமைப்பு', 'அரசியலமைப்பு' என்று இரண்டு விதமாக அடித்தால் பாதி விட்டுப்போகும், பாடத்திட்டத்தில் உள்ள சொல்லையே அடியுங்கள்.

அலமாரி_அக்கா

நோட்டில் எழுதுங்கள் தம்பி. படிக்கும் மேசையில் போனை எடுத்தால் டெலிகிராமும் திறக்கும்.