மறுமொழி: பிளேயிங் ஸ்ட்ரெங்த் = ஆட்டவலு

வணக்கம் நண்பர்களே,

செஸ் மென்பொருள் எவ்வளவு பலமாக ஆடுகிறது என்பதைச் சொல்லும் ‘பிளேயிங் ஸ்ட்ரெங்த்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘விளையாட்டுத் திறன்’ வேண்டாம். அது கபடிக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் போகிற சொல். ‘ஆட்டவலு’ என்று வைப்போம்.

மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு பையனின் அப்பா பல ஆயிரம் கொடுத்து ஒரு செஸ் மென்பொருள் வாங்கி வந்தார், உலகிலேயே பலமானது என்று விளம்பரத்தில் போட்டிருந்ததாம். அதையும் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருளையும் ஒரே கணினியில் ஒரே நேரக் கணக்கில் 20 ஆட்டம் மோதவிட்டோம். அவர் வாங்கி வந்தது ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அவர் விடாமல், “ஆனா நல்ல திறன் இருக்கே சார், பாடம் நடத்துது, பலகையைத் திருப்பிக் காட்டுது” என்றார். அவர் சொன்னதும் சரிதான். பாடம், பலகை, பழைய ஆட்டத் தொகுப்பு இதற்கெல்லாம் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் ‘திறன்’ என்றால் இந்த வசதிகளும் உள்ளே வந்துவிடுகின்றன, விளம்பரக்காரர்களுக்கு அதுதான் வேண்டும்.

ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற செஸ் மென்பொருள் நினைவிருக்கும். 2021 பிப்ரவரியில் செஸ்பேஸ் நிறுவனம் அதை விலைக்கு விட்டபோது, உள்ளே இருப்பது எங்கள் நிரல்தான், காய்களின் நிலையை மதிப்பிடும் நரம்பு வலையையும் வேறு சில சின்ன விஷயங்களையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று ஸ்டாக்ஃபிஷ் குழு சொன்னது. அந்த ஜூலையில் செஸ்பேஸ் மீது அந்தக் குழு வழக்கு, 2022 நவம்பரில் உடன்பாடு. வலு ஒருவருடையது, பெட்டி இன்னொருவருடையது என்று தமிழில் ஒரே வரியில் சொல்ல ‘வலு’ தேவைப்படுகிறதே!

அப்புறம், இது எதிராளியை வைத்து அளக்கிற சங்கதி. ஆடுபவர்களின் பலத்தை எண்ணால் தரப்படுத்தும் ஈலோ கணக்கில் எதிராளியைவிட 100 கூடுதல் என்றால், வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்று எண்ணி, 100 ஆட்டத்தில் சுமார் 64 புள்ளி எடுக்கும் என்று எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான். கணினியும் நேரமும் மாறினால் அந்த எண்ணும் மாறும். ஆகவே ‘ஆட்டவலு’வுக்கு நான் தரும் விளக்கம்: குறிப்பிட்ட கணினியில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட எதிராளிகளோடு ஆடிப் பெற்ற வலு.

‘ஆட்டவலி’தானே பழைய வழக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். பழந்தமிழில் வலி என்றால் வலிமை, சரி. இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் சொன்னால் கைவலியா என்று கேட்கும்.

மென்பொருளுக்குள் இருந்து ஆட்டத்தை ஆடும் எஞ்சினுக்குப் ‘பொறி’ என்ற சொல் எனக்குச் சம்மதம். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், ஞாயிறு வகுப்புக்கான தாளை அன்று இரவுதான் அச்சடிக்கிறேன்.