பெருந்தொற்று முடக்கத்தில் ஆண்களுக்கு யார் துணை நின்றார்கள்?

கேள்வி: குலசேகரம்காரன்

2020ஆம் ஆண்டு வளைகுடாவில் வேலை இழந்து திருவனந்தபுரம் வழியாக ஊர் திரும்பிய என் அண்ணன், 14 நாள் தனிமை முடிந்த பிறகும் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு பாதிச் சோற்றுடன் கதவுக்கு வெளியே வந்துவிடும். என்னவென்று கேட்டால் "ஒன்றுமில்லை, தூக்கம்" என்பார். மதினி தன் மகளிர் குழுத் தோழிகளிடம் தொலைபேசியில் அழுது தீர்த்துக்கொண்டார். அண்ணனுக்கு அப்படி அழைக்க ஓர் ஆள்கூட இல்லை. இப்போது வேன் ஓட்டுகிறார், ஆனாலும் பேச்சு குறைவுதான். இனியொரு முடக்கம் வந்தால் ஊர் ஆண்களுக்கு என்ன செய்யலாம் என்று எங்கள் படிப்பகத்தில் ஒரு திட்டம் எழுதி வருகிறோம். உங்கள் ஊரில் எது உதவியது என்று சொல்லுங்கள்.

பதில்: கடற்புறத்தான்

வள்ளங்கள் கரையேறிக் கிடந்த அந்த வாரங்களில் எங்கள் அன்பியத்திலிருந்து (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) வீடு வீடாகத் தொலைபேசியில் நலம் விசாரித்தார்கள். பெரும்பாலான ஆண்கள் "நல்லாயிருக்கோம்" என்று சொல்லிவிட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் பேசிய இடம் வலைக் கொட்டகைதான். ஆளுக்கு ஆள் மூன்று முழம் தள்ளி உட்கார்ந்து, கிழிந்த கண்ணியை ஊசியால் எடுத்துக்கொண்டே, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், "வட்டிக்காரன் நேற்றும் வந்தான்" என்று ஒருவர் சொல்வார். பத்து நிமிடம் கழித்துத்தான் மீதி வரும். ஒக்கிப் புயலில் உயிர் தப்பிக் கரை சேர்ந்தவர்களும் இப்படித்தான் சிறிது சிறிதாகப் பேசினார்கள். எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து "மனதைத் திறந்து பேசுங்கள்" என்றால் எங்கள் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், நாகர்கோவில்

கடற்புறத்துத் தம்பி சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் போதாத இடங்களும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2020இல் நாட்டில் தற்கொலையால் இறந்த 1,53,052 பேரில் நூற்றுக்கு 71 பேர் அளவுக்கு ஆண்கள். 37,666 பேர் நாள்கூலித் தொழிலாளர்கள். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக, தூக்கமின்மையாக, ஓயாத உடல்வலியாக, குடியாக வரும். மார்ச் மாதம் டாஸ்மாக் கடைகளை மூடியபோது பலர் "குடி ஒழிந்தது" என்று மகிழ்ந்தார்கள். ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாளில் கைநடுக்கமும் வலிப்பும், அதையடுத்து இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலையும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்தான அந்த நிலையில் மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். "உயிரை விடத் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, ஆகவே தயங்காமல் கேளுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

பதில்: பால்வெட்டுகாரன்

எங்களுக்கு வலைக் கொட்டகை கிடையாது. நெற்றி விளக்குடன் விடியுமுன் ரப்பர் மரத்துக்கு மரம் தனியாகப் போகிற தொழில். அந்த ஆண்டு எங்கள் மாமா ஒரு தந்திரம் செய்தார். வேலை போய் வீட்டில் முடங்கிய பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆறுதல் சொல்லப் போகாமல், "ஷீட் அடிக்கும் ரோலரைத் தனியாகச் சுற்ற முதுகு ஒத்துழைக்கவில்லை, கொஞ்சம் வாருங்கள்" என்று நாள்தோறும் கூப்பிட்டார். மாமாவின் முதுகுக்கு ஒன்றுமில்லை. உதவி வாங்கக் கூசுகிறவர்கள் உதவி செய்ய வந்துவிடுகிறார்கள்.

குலசேகரம்காரன்

செவிலியர் அம்மா எழுதிய குடிநிறுத்த எச்சரிக்கையைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே சேர்க்கிறோம். படிப்பகத்தின் ஓட்டுக் கூரை ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓடு மாற்ற ஆள் போதவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். "எத்தனை ஓடு?" என்று மட்டும் கேட்டார்.