நம்ம குடும்பம்: தருண் காது

கவிதா: தருணுக்கு தாடை வீக்கம் வடிஞ்சுடுச்சு. ஆனா போனை இடது காதுல வச்சா ஒண்ணும் கேக்கலைங்கிறான். வலது பக்கம் மாத்தினா பேசறான். பொன்னுக்கு வீங்கி வந்து இன்னிக்கு 6வது நாள்.

பெரியம்மா: அழுக்கா இருக்கும். ரெண்டு சொட்டு எண்ணெய் விடு

சுமதி அத்தை: எண்ணெய் வேணாம் அண்ணி. கவிதா, இப்பவே ஒண்ணு செய்மா. அவன் பின்னாடி நின்னு வலது காதை விரலால நல்லா அடைச்சுக்கோ. இடது காதுகிட்ட கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசு. கேட்டா கை தூக்கணும். நடுநடுவுல உரசாமலும் நில்லு, உத்தேசமா தூக்கறானான்னு தெரிஞ்சுடும்.

முரளி சித்தப்பா: ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை பேர்? சமையலுக்குச் சொல்லணும்

கவிதா: 5 தடவை உரசினேன், ஒண்ணுக்கும் தூக்கலை. வலது பக்கம் அஞ்சும் சரி 😟

சுமதி அத்தை: அப்ப இன்னிக்கே இஎன்டி டாக்டர்கிட்ட போ. இந்த வைரஸ் உள்காதுக்குப் போனா பெரும்பாலும் ஒரு காதுதான் போகும், அதுவும் திடீர்னு. இன்னொரு காது சமாளிச்சுடறதால பிள்ளைக்கே தெரியாது. காக்ளியாவுல, அதான் உள்காதுல நத்தை ஓடு மாதிரி இருக்கற பகுதியில, சத்தத்தை உணர்ற மயிர்ச்செல் செத்தா திரும்ப முளைக்காது. ஸ்டீராய்டு குடுத்துப் பாப்பாங்க, அதுவும் முதல் 2 வாரத்துக்குள்ள. இதுல காது திரும்பக் கேக்கறது குறைவுதான், அதுக்காக நாள் கடத்தக்கூடாது. ஆடியோகிராம், அதான் எவ்வளவு கேக்குதுன்னு அளக்கற டெஸ்ட், எடுக்கும்போது நல்ல காதுக்கு மாஸ்கிங் போட்டாங்களான்னு கேளு, அதாவது அந்தக் காதுல இரைச்சல் விட்டு மறைக்கறது. போடலைன்னா இடது காதுல விடற சத்தத்தை வலது காது கேட்டுடும், ரிப்போர்ட் தப்பா வரும். சரியா பதில் சொல்லலைன்னா பெரா டெஸ்ட், அதுல பிள்ளை பதில் சொல்ல வேணாம், தலையில ஒயர் ஒட்டி அளப்பாங்க. தலைசுத்தல் இருக்கா? கழுத்து விறைப்பு?

கவிதா: நேத்து எழுந்தப்போ தள்ளாடினான். கழுத்து சரியாத்தான் இருக்கு

சுமதி அத்தை: தள்ளாடினதையும் டாக்டர்கிட்ட சொல்லு.

முரளி சித்தப்பா: ஊசி போட்டதுதானே?

கவிதா: எம்எம்ஆர், அதான் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடற தடுப்பூசி, ஒண்ணுதான். ரெண்டாவது யார் வேணாம்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்

பெரியம்மா: நான்தான்னு நேராவே சொல்லேன். காய்ச்சல் வருமேன்னு பயந்தேன்

சுமதி அத்தை: அதை அப்புறம் பேசிக்கலாம். சின்னவனுக்கும் ஒண்ணுதானே ஆச்சு? முதல் ஊசிக்கு 28 நாள் தாண்டியிருந்தா அடுத்தது போடலாம். ஏற்கெனவே தொத்தியிருந்தா இது தடுக்காது, அடுத்த தடவைக்குக் காக்கும். அவன் காதையும் காலை சாயந்திரம் உரசிப் பாரு.

முரளி சித்தப்பா: தருணைக் கூட்டிட்டு வரலாமா ஞாயிறு?

சுமதி அத்தை: வீக்கம் வந்து 5 நாள் தாண்டிடுச்சு, அவனால தொத்தாது. சின்னவனைத்தான் யோசிக்கணும்.

முரளி சித்தப்பா: அப்ப 40ஆ 42ஆ?

கவிதா: சித்தப்பா அப்புறம் சொல்றேன். வண்டி வந்துடுச்சு

சுமதி அத்தை: ரிப்போர்ட்டை முழுசா போட்டோ எடுத்துப் போடு. அதுல சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது.