கோலமாவு மாதிரி தூள் கொட்டுகிற சுவரில் டிவி மாட்டலாமா?

மூன்றாம்மாடி:
பெங்களூர் ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு, புதுக் கட்டடம். டிவி 43 இஞ்ச், ஸ்டாண்ட் இல்லாமல் 8 கிலோ சொச்சம். படுத்துக்கொண்டே பார்க்க வேண்டும், அதனால் உயரத்தில் மாட்டணும். எதிரே பால்கனிக் கதவு இருப்பதால் காலையில் திரையில் கதவும் கொடித்துணியும்தான் தெரிகிறது. சரி, கீழ்நோக்கிச் சாய்கிற பிராக்கெட்டாக எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினனின் ஹேமர் டிரில்லில் முதல் ஓட்டை. பழுத்த பப்பாளியில் இறங்குவதுபோல பிட் உள்ளே போய்விட்டது. 8 எம்எம் பிட்தான் போட்டேன், ஓட்டையில் என் சுண்டுவிரல் நுனி நுழைகிறது! கோலமாவு மாதிரி வெள்ளைத் தூள். பிளாஸ்டிக் கட்டையைச் செருகி முடுக்கினால் ஸ்குரூவோடு சேர்ந்து அதுவும் சுற்றுகிறது. வீட்டுக்காரர் கீழ்த்தளத்திலேயே இருக்கிறார். இன்னும் எத்தனை ஓட்டை போடுவது?

சிவாஜிநகர் வயர்மேன்:
தம்பி, மேலே அரை இஞ்ச் பட்டியும் பூச்சும்தான் வரும், அதை வைத்துச் சுவர் எதுவென்று சொல்ல முடியாது. ஆழத்திலிருந்து வந்த தூளைப் பாருங்கள். சிவப்பென்றால் செங்கல், சாம்பல் என்றால் சிமென்ட் சாலிட் பிளாக். கடைசிவரை வெள்ளை என்றால் ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த லேசான கல். ரம்பத்தால் அறுக்கிற கல் அது, அதில் ஹேமரைப் போட்டால் ஓட்டை அகலாமல் என்ன செய்யும்? டிரில்லில் தட்டுகிற ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றில் போடுங்கள். பிராக்கெட்டோடு வந்த குட்டிக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏஏசி சுவருக்கென்றே விற்கிற நீள நைலான் கட்டை வாங்குங்கள். அந்த அட்டையில் எந்த பிட் போட்டிருக்கிறதோ அதுதான்.

இன்னொன்று. டிவியைச் சாய்த்தால் பாரம் முன்னால் வரும். பிடுங்குகிற இழுப்பு மேல்வரிசை ஸ்குரூக்களுக்குத்தான், கீழ்ப்பக்கம் சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும். அதனால் மேல்வரிசையில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஓட்டையை விட்டு மூன்று இஞ்சாவது தள்ளிப் போடுங்கள். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே மட்டும் கை வைக்காதீர்கள், ஒயர் போகிற பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும்.

பலகைப்பிரியன்:
நான் 18 எம்எம் பிளைவுட்டை எட்டு இடத்தில் முடுக்கி, அதன்மேல் பிராக்கெட்டை அடித்தேன். ஆடவே இல்லை.

சிவாஜிநகர் வயர்மேன்:
சொந்த வீட்டுக்கு அது சரி சார். வாடகை வீட்டில் எட்டு ஓட்டைக்கு அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

கேபிள்கவலை:
எச்டிஎம்ஐ ஒயரை மாட்டிவிட்டு டிவியைத் தூக்குங்கள். நான் மறந்துபோய் இரண்டு முறை இறக்கி ஏற்றினேன், இடுப்பு போயிற்று.

மூன்றாம்மாடி:
முடிந்தது அண்ணா! ஆழத்திலும் வெள்ளைதான். ஹேமரை அணைத்துப் போட்டதும் கட்டையைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். வெறும் பிராக்கெட்டைப் பிடித்து என்னால் முடிந்தமட்டும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கொஞ்சம் சாய்த்ததும் கதவு திரையைவிட்டுப் போய்விட்டது, இப்போது தரைதான் லேசாகத் தெரிகிறது. பழைய ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்தாயிற்று, டிவி அதை மறைத்துக்கொண்டது.

ஒரே குறை. ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நிற்கிறது, ஆனால் டிவி கோணலாகத் தெரிகிறது என்கிறாள் மனைவி. அளந்து பார்த்தால் கோணல் பக்கத்திலிருக்கும் அலமாரி. அதை வீட்டுக்காரரிடம் யார் சொல்வது?