எலிகளில் பலித்த பக்கவாத மருந்து என் தந்தைக்குக் கிடைக்குமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்):
தென்னந்தோப்பைக் கவனித்து வந்த என் தந்தைக்கு நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் பாதிக்கப்பட்டன. பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஒரு புதிய சேர்மத்தைக் கொடுத்ததும் முடக்கம் வெகுவாகக் குறைந்தது என்று செய்தியில் படித்ததிலிருந்து, அம்மா அதைப் பற்றியே கேட்கிறார். அதை வாங்க வழியுண்டா?

பதில் (மருந்தியல் ஆய்வு மாணவி, திருவனந்தபுரம்):
ஐயா, அத்தகைய சோதனையில், மயக்கமூட்டிய எலியின் கழுத்து ரத்தநாளம் வழியாக மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி, மூளையின் நடுத்தமனியைச் சிறிது நேரம் அடைத்துவிட்டு இழையை உருவுவார்கள். பிறகு, வாலைப் பிடித்துத் தூக்கினால் முன்னங்கால் மடங்குகிறதா, பாதத்தில் ஒட்டிய தாளை எத்தனை விநாடியில் பிய்த்தெறிகிறது என்றெல்லாம் பார்த்து முடக்கத்தை மதிப்பிடுவார்கள். பெரும்பாலும் அவை நோயற்ற இளம் எலிகள். அடைப்பு நேர்ந்த நிமிடம் தெரியும் என்பதால் மருந்தும் விரைவில் ஏறிவிடும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கோ ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. வாளையாறு தாண்டிக் கோவை மருத்துவமனையை அடைவதற்குள் பொன்னான நேரம் போய்விடுகிறது. அதனால்தான் எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்காமல் போகலாம். எடுத்துக்காட்டாக, என்எக்ஸ்ஒய்-059 என்ற பக்கவாதச் சேர்மம் எலியிலும் மார்மோசெட் குரங்கிலும் பலித்தது. 2006இல் வெளியான முதல் பெரிய மனிதச் சோதனையிலும் சிறு பலன் தெரிந்தது. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய அடுத்த சோதனையில், 2007இல், அந்தப் பலன் காணப்படவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், சித்தூர் தாலுகா):
தங்கை சொன்னது சரிதான்; ஆயினும் விலங்குச் சோதனையே வீண் என்று யாரும் எண்ண வேண்டாம். எந்த எலிக்கு மருந்து சென்றது என்பதை மதிப்பிடுபவர் அறியாதிருக்க வேண்டும், வயதான எலிகளிலும் ரத்த அழுத்தம் உள்ள எலிகளிலும் சோதிக்க வேண்டும் என்ற நெறிகள் 1999 முதலே வலியுறுத்தப்படுகின்றன. அமெரிக்காவில் பல ஆய்வகங்கள் அவ்வாறு சேர்ந்து ஆறு சிகிச்சைகளைச் சோதித்தபோது, யூரிக் அமிலம் ஒன்றே தேறியது. ஐந்தை வடிகட்டியதையே நான் பெரிய பலனாகக் கருதுகிறேன், ஏனெனில் பலிக்காதவற்றை நோயாளிகளின் உடலில் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையை இத்தகைய வடிகட்டல் குறைக்கும்.

பதில் (பிசியோதெரபிஸ்ட், பொள்ளாச்சி):
அண்ணா, இவ்வகைச் சேர்மங்களில் பெரும்பாலானவை முதல் சில மணி நேரத்தில் சாகும் செல்களைக் காக்கவே உருவாக்கப்படுகின்றன. நான்கு மாதங்கள் கடந்த அப்பாவுக்கு அந்த வாசல் மூடிவிட்டது. யாரேனும் பணம் வாங்கிக்கொண்டு அந்த மருந்தைத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். நம் நாட்டில் மருந்துச் சோதனைகள் அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். அதைக் கட்டணமின்றி எவரும் பார்க்கலாம். இப்போது அவருடைய விரல்கள் எவ்வளவு விரிகின்றன, டம்ளரைப் பற்ற முடிகிறதா என்று எழுதுங்கள். அதை வைத்துப் பயிற்சியைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சற்று அசைகின்றன. டம்ளரைப் பற்றுகிறார், தூக்க முடியவில்லை.