கூடுதல் விளக்கு மாட்டினேன். ரிலே கடகடவென்று அடிக்கிறது, விளக்கு எரியவில்லை

கேட்டவர்:
வணக்கம். காரின் முன்பக்கம் 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு கூடுதலாகப் பொருத்தியிருக்கிறேன். வயரிங் முழுக்க நானே செய்தது. நான்கு பின் ரிலே (சின்ன கரண்ட்டில் இயங்கி, விளக்குக்குப் போகும் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்ச்). 30இல் பேட்டரி பாசிட்டிவ், 87இலிருந்து இரண்டு விளக்குக்கும் லைன், 86க்கு டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து வரும் வயர், 85 எர்த் (கார் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). இரண்டு விளக்கின் கறுப்பு வயர்களையும் 85இன் கறுப்பு வயரையும் சேர்த்து ஒரே ரிங் டெர்மினலில் வைத்து, விளக்கு நிற்கும் பிராக்கெட் போல்ட்டிலேயே இறுக்கிவிட்டேன்.

சுவிட்ச் போட்டால் ரிலே 'டக்' என்று ஒரு தடவை ஒட்டி நிற்க வேண்டும் இல்லையா? அப்படி இல்லாமல் கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. விளக்கு லேசாகத் துடிக்கிறது, அவ்வளவுதான். புது ரிலே வாங்கிப் போட்டேன், அதுவும் அப்படியே. ஒரு பல்பைக் கழற்றிவிட்டால் மட்டும் ரிலே ஒழுங்காக நிற்கிறது. மற்ற விளக்கு எரிகிறது, ஆனால் வெளிச்சம் மஞ்சளாக, சோகையாக இருக்கிறது. எர்த்தை மல்டிமீட்டரில் பீப் (இணைப்பு இருந்தால் கத்தும் சோதனை) வைத்துப் பார்த்துவிட்டேன், நன்றாகக் கத்துகிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு தடவை போனதால் இப்போது 30 போட்டிருக்கிறேன். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
பேட்டரி இறங்கியிருந்தாலும் ரிலே இப்படி அடிக்கும். என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தீர்களா?

கேட்டவர்:
பார்த்தேன் சார். ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கிறது. அப்போதும் அதே சத்தம்தான்.

பதில் 2:
நண்பரே, முதலில் அந்த 30 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். என்ன வயர் போட்டிருக்கிறீர்கள், ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு இல்லை, வயரைக் காப்பாற்றுவதற்கு. வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால், எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது வயர்தான் முதலில் உருகும். தீயும் அங்கேதான் பிடிக்கும். இரண்டு விளக்கும் சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். அதற்கு முன்னால் உள்ள துண்டு வயருக்கு எந்தக் காவலும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம். பீப் கேட்டதால் எர்த் சரி என்று முடிவு செய்துவிட்டீர்கள். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது மில்லிஆம்பியர் கணக்கில்தான். முப்பது ஓம் இருந்தாலும் பல மீட்டர்கள் கத்தும். ஆனால் 9 ஆம்பியர் போகிற வழியில் அரை ஓம் இருந்தாலே கதை முடிந்தது. அரை ஓம் என்பது பெயின்ட் மேல் உட்கார்ந்த ஒரு ரிங் டெர்மினல், வேறொன்றும் இல்லை. அதனால் விளக்கு எரியும்போது அளந்து பாருங்கள். ஒரு பல்பு மட்டும் இருக்கட்டும், சுவிட்சைப் போட்டு மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், இன்னொரு முனை விளக்கின் கறுப்பு வயர் கனெக்டருக்குள். அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்கின் பாசிட்டிவுக்கும் இடையே ஒரு தடவை, விளக்கின் இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு தடவை. என்ஜின் ஓட வேண்டாம்.

கேட்டவர்:
வயர் 1.5 தான். ஃபியூஸை டேஷ்போர்டுக்கு அடியில் வைத்திருந்தேன், கழற்றிவிட்டேன். அளப்பதற்காக மட்டும் பேட்டரி பக்கத்தில் 10 போட்டுக்கொண்டேன். அளவுகள்:
பேட்டரி 12.3
விளக்கில் 10.2
பாசிட்டிவ் பக்கம் 0.2
நெகட்டிவ் பக்கம் 1.9

பதில் 2:
கூட்டிப் பாருங்கள், 10.2 + 0.2 + 1.9 = 12.3. கணக்கு அப்படியே நிற்கிறது. எர்த் பக்கம் 0.2க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 1.9 அங்கேயே கரைந்துவிடுகிறது. ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். உங்களுக்கு 17 சதவீதம் குறைந்திருக்கிறது. மஞ்சளாகத்தான் எரியும்.

ரிலே ஏன் அடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் புரிந்துகொண்டால் நாளைக்கு வேறு எது மாட்டினாலும் உதவும். ஒரு விளக்குக்கு சுமார் 4.2 ஆம்பியர். 1.9 வோல்ட்டை அதனால் வகுத்தால் உங்கள் எர்த்தில் 0.45 ஓம். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ரிலே ஒட்டும் அந்த நொடியில் இரண்டு குளிர்ந்த இழைகளும் சேர்ந்து கரண்ட்டை வாரி இழுக்கின்றன. மொத்த 12 வோல்ட்டில் பெரும்பகுதி அந்த மோசமான எர்த்திலேயே விழுகிறது. அதாவது நீங்கள் எர்த் என்று நினைக்கும் போல்ட் ஒரு கணம் 10 வோல்ட்டுக்கு ஏறி நிற்கிறது. 85ம் அதே போல்ட்டில்தானே இருக்கிறது? ரிலேவை ஒட்டவைக்கும் காயில் 86க்கும் 85க்கும் நடுவில் இருக்கிறது, அதன் இரு முனைக்கும் நடுவே மிஞ்சுவது 2 வோல்ட். காயில் கைவிடுகிறது, ரிலே திறக்கிறது. கரண்ட் நின்றதும் எர்த் பழையபடி பூஜ்யத்துக்கு வருகிறது, காயிலுக்கு 12 வோல்ட் கிடைக்கிறது, மறுபடி ஒட்டுகிறது. இப்படியே ஓயாமல் நடப்பதால் இழை சூடாவதற்கே நேரம் இல்லை. ஒரு பல்பு என்றால் இழுப்பு குறைவு, காயில் எப்படியோ தாக்குப்பிடித்துவிடுகிறது.

பதில் 3:
எனக்கும் ஹார்ன் ரிலேயில் இதே மாதிரி இருந்தது. 85ஐ மட்டும் தனியாக வேறு போல்ட்டுக்குக் கொண்டுபோனேன், சத்தம் நின்றுவிட்டது. அதைச் செய்து பாருங்கள்.

பதில் 2:
சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் நோய் அப்படியே இருக்கும். ரிலே அமைதியாக ஒட்டிக்கொள்ளும், கெட்ட எர்த் வழியாக 7, 8 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும், அந்த போல்ட் சூடாகும். நீங்களும் ஒருமுறை உங்கள் ஹார்ன் எர்த்தை ஹார்ன் அடிக்கும்போது அளந்துவிடுங்கள் அண்ணா.

கேட்டவர்:
அப்படியென்றால் எர்த்தை நேராக பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்விடலாமா?

பதில் 2:
நெகட்டிவ் கிளாம்ப்பில் சின்னப் பெட்டி போல ஒரு சென்சார் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே மாட்டக் கூடாது. அந்த சென்சார் தன் வழியாகப் போகும் கரண்ட்டைத்தான் கணக்கெடுக்கும், நீங்கள் அதைத் தாண்டி மாட்டினால் கணக்கு தப்பும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் வந்து சேரும் இடம் நல்லது. இல்லையென்றால் கம்பெனியே எர்த்துக்கு வைத்திருக்கும் போல்ட் எதுவானாலும் சரி.

கேட்டவர்:
போல்ட்டைக் கழற்றினேன். பிராக்கெட்டின் கறுப்புப் பெயின்ட் ரிங்குக்குக் கீழே ஒரு கீறல்கூட இல்லாமல் வட்டமாகப் பளபளவென்று இருக்கிறது. போல்ட் நுழையும் துளையின் விளிம்பில் மட்டும், மரை உரசிய இடத்தில், தலைமுடி கனத்துக்கு வெள்ளியாக ஒரு கோடு. இரண்டு விளக்குக்கும் ரிலேவுக்கும் இத்தனை நாளாக எர்த் அந்தக் கோடுதான். பீப் சத்தமும் அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது.

சென்சார் இருக்கிறது. அதனால் நெகட்டிவ் கேபிள் பாடியில் சேரும் போல்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள எர்த் போல்ட்டை எடுத்துக்கொண்டேன். உப்புத்தாளால் தகரம் தெரியும்வரை தேய்த்தேன். எல்லா வயரையும் 2.5க்கு மாற்றி, ஒன்றாக முறுக்கியிருந்த எர்த் வயர் முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரிங் அழுத்தி, பல் வாஷர் வைத்து இறுக்கினேன். 15 ஆம்பியர் ஃபியூஸ் இப்போது பேட்டரி பக்கத்தில்.

சுவிட்ச் போட்டேன். ஒரே ஒரு 'டக்'. இரண்டும் வெள்ளையாக எரிகின்றன. என்ஜின் ஓடும்போது பேட்டரி 13.8, விளக்கில் 13.4, எர்த் பக்கம் 0.06. மிக்க நன்றி. தேய்த்த இடம் துருப்பிடிக்காதா?

பதில் 2:
பிடிக்கும். இறுக்கியது இறுக்கியபடி இருக்கட்டும், மேலே வாஸ்லினோ கிரீஸோ கனமாகப் பூசி மூடிவிடுங்கள். அந்தப் பழைய பிராக்கெட் துளையின் விளிம்பிலும் கொஞ்சம் பெயின்ட் தொட்டு வையுங்கள்.